பயிர் என்ன போடட்டும்?

எங்கள் வங்கிக் கிளையில் காலை பதினொரு மணிக்கெல்லாம் நகை மதிப்பீட்டாளரின் மேசையைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிடும். தோடு, தாலிக்கொடி, பிள்ளைக்குப் பேர் வைத்தபோது போட்ட குட்டி மோதிரம் என்று ஒவ்வொன்றாகத் துணிப்பையிலிருந்து வெளியே வரும். அவர் உரைகல்லில் இழுத்துப் பார்ப்பார், ஒரு சொட்டு அமிலம் வைப்பார், தராசில் போட்டு மொத்த எடை, நிகர எடை என்று எழுதிக்கொள்வார். அப்புறம் தலை நிமிராமலே என் பக்கம் கேள்வி வரும்: “மேடம், பயிர் என்ன போடட்டும்?”

வேளாண் நகைக்கடன் என்பதால் பயிருக்கென்று ஒரு கட்டம் உண்டு. சிட்டா, அடங்கல் நகலைப் பார்த்து நான்தான் சொல்ல வேண்டும். நெல், ராகி, மா, தக்காளி. கணினியில் அந்தக் கட்டத்தைத் தொட்டால் ஒரு பட்டியல் கீழே விரியும். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அடுத்த திரை. நான் பெரியகுளத்தில் நாலு வருடம் தோட்டக்கலை படித்தவள். கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து, பெரும்பாலான நாட்களில் செடிகொடியோடு எனக்கு இருக்கும் ஒட்டுறவு, அந்தப் பட்டியலில் ‘மா’ என்ற ஓரெழுத்தைச் சொடுக்குவதுதான்.

என் பதவியின் பெயர் வேளாண் கள அலுவலர். ஊரில் யாராவது கேட்டால் அப்பா இன்னும் பெருமையாக, “பேங்க்ல அக்ரி ஆபீசரு” என்பார். அப்பா நிலக்கோட்டைப் பக்கம் ஒன்றரை ஏக்கரில் மல்லிகை போட்டவர். விடிவதற்கு முன்னால் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மொட்டு பறித்து, முதல் வண்டிக்கு மார்க்கெட்டில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, விலையைக் கேட்டுக்கொண்டு வருவார். முகூர்த்த நாளில் ஆயிரத்தைத் தாண்டும் பூ, வேறொரு வாரம் பறிகூலிக்குக்கூடக் காணாது. எனக்குத் தேர்வு முடிவு வந்த அன்று அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: “பூவுக்கு விலை வைக்கிறவன் வேற எவனோ. நீ சம்பளத் தேதி தெரிஞ்ச வேலைக்குப் போ தாயி.” அதற்கு எதிர்வாதம் செய்ய என்னிடம் அன்றைக்கும் எதுவும் இல்லை, இன்றைக்கும் இல்லை.

வேலையில் சேர்ந்த முதல் வாரமே ஒரு மூத்த அதிகாரி எனக்கு என் வேலையை விளக்கிவிட்டார். வங்கி கொடுக்கும் நிகரக் கடனில் 18 சதவீதம் விவசாயத்துக்குப் போக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்த 18-ஐ எட்ட வைப்பதுதான் என் வேலை. கிசான் கிரெடிட் கார்டு, பால்மாடு, சொட்டுநீர் எல்லாம் உண்டுதான். ஆனால் மாட்டுக்கடன் கொடுக்க மாட்டைப் போய்ப் பார்க்க வேண்டும். நகைக்கடனுக்கு நகையைப் பார்த்தால் போதும், அரை மணி நேரத்தில் முடிந்துவிடும், வாராக்கடன் ஆனாலும் ஏலத்தில் போட்டுக்கொள்ளலாம். அதனால் 18-இல் பெரும்பகுதி தங்கமாகவே நிரம்பும். இதில் யார் மீதும் எனக்குக் கோபம் இல்லை. அந்தப் பணத்தில்தான் உரமும் வாங்குகிறார்கள், பள்ளிக்கூடத்துக்கும் கட்டுகிறார்கள். ஒரு தோப்பு காய்ந்தாலும் தழைத்தாலும் என் அறிக்கையில் எண் மாறாது என்பதுதான் மெல்ல மெல்ல என்னை என்னவோ செய்தது.

2025 கோடையில் அது முற்றியது. இந்தப் பக்கம் பெங்களூரா என்றும் கிளிமூக்கு என்றும் சொல்லும் மாம்பழம், கூழ்த் தொழிற்சாலைகள் வாங்குவது, கிலோ நாலைந்து ரூபாய்க்கு இறங்கிவிட்டது. பறிக்கும் கூலியே அதைவிட அதிகம் என்று மரத்திலேயே விட்டார்கள். அல்போன்சாவும் பங்கனப்பள்ளியும் ஒரு வருடம் அள்ளிக் கொடுத்தால் அடுத்த வருடம் படுத்துவிடும். பெங்களூரா வருடா வருடம் நம்பிக்கையாகக் காய்க்கும். இங்கே ஆளாளுக்கு அதையே நட்டதற்கு அதுவும் ஒரு காரணம். நம்பிக்கையான மரம் எல்லோரிடமும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு எந்தப் பாடப்புத்தகமும் வேண்டாம். ஜூன், ஜூலை முழுக்க நான் அவர்களுக்கு ஃபோன் செய்துகொண்டிருந்தேன். “வட்டியாவது கட்டிருங்கண்ணா, கணக்கு என்.பி.ஏ., வாராக்கடன் ஆயிடும்.” ஒருவர் மறுமுனையில் ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: “காயா எடுத்துக்குவீங்களா மேடம்?”

மளிகை லிஸ்ட்

என் கைப்பேசியில் ‘மளிகை லிஸ்ட்’ என்ற பெயரில் ஒரு குறிப்பு இருக்கிறது. அது என் ராஜினாமாக் கடிதம். மூன்று மாத நோட்டீஸ் என்ற வரி வரைக்கும் சரியாக எழுதியாகிவிட்டது. ரிவ்யூ மீட்டிங் முடிந்து வரும் ராத்திரிகளில் அதைத் திறந்து ஏதாவது ஒரு சொல்லை மாற்றுவேன். ‘தனிப்பட்ட காரணங்களால்’ என்பதை எடுத்துவிட்டு ‘சொந்தக் காரணங்களால்’ என்று போடுவேன், அடுத்த மாதம் திரும்ப மாற்றுவேன். இன்சூரன்ஸ் பாலிசி பிடிக்கச் சொல்லி ‘லாகின் டே’ என்று ஒன்று வைப்பார்கள். அன்றைக்கு மட்டும் கடிதத்தில் ஒரு புதுப் பத்தியே முளைத்துவிடும்.

அப்புறம் விடியும்வரை நர்சரி வீடியோக்கள். பதியன் போடுவது, மொட்டு கட்டுவது, யாரோ ஒருவர் ஐ.டி. வேலையை விட்டுவிட்டு அரை ஏக்கரில் டிராகன் பழம் போட்டு லட்சம் லட்சமாகச் சம்பாதிப்பது. இந்தக் கடைசி வகையை நான் நம்புவதில்லை, கடன் விண்ணப்பம் பார்க்கிறவளுக்கு அந்தக் கணக்கின் ஓட்டை முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும். ஆனாலும் பார்ப்பேன்.

வீட்டுக்காரர் நல்ல மனிதர், ஓசூரில் ஒரு கம்பெனிக்குப் போய் வருகிறார். அவருக்கு இது பிடிபடவே இல்லை. “பால்கனியில பதினாலு பை வெச்சிருக்கியே, அப்புறம் என்ன?” என்பார். வாடகை வீட்டின் இரண்டாவது மாடி. தண்ணீர் ஊற்றினால் கீழே ஹவுஸ் ஓனர் காரின் மேல் சொட்டும், அவர் கார் எடுக்கும்வரை காத்திருந்து ஊற்ற வேண்டும். தக்காளி, பச்சைமிளகாய், ஒரு ரோஜா. இதற்குப் ‘பொழுதுபோக்கு’ என்று பெயர் சொல்வார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எனக்குப் பொழுது போகாத பிரச்சினையே கிடையாது. சமையல், பிள்ளையின் வீட்டுப்பாடம், வங்கி என்று பொழுது எங்கே போகிறதென்றே தெரியாமல் போய்க்கொண்டுதான் இருக்கிறது. எனக்கு வேண்டியிருந்தது வேலை. செடியோடு வேலை. அந்த வித்தியாசத்தைச் சொல்லிப் புரியவைக்க முடியாமல் பல தடவை சண்டையில் முடிந்திருக்கிறது.

அப்படி இருக்கையில்தான், ஆடி பிறந்த இரண்டாவது வாரம், சந்தூர் போனேன்.

எத்தனை பிடிச்சுது?

சந்தூர் போச்சம்பள்ளிப் பக்கம் இருக்கிறது. மா ஒட்டுக்கன்றுக்குப் பேர் போன ஊர். ஊருக்குள் நுழைந்தால் நர்சரிப் பலகைகளில் இமாம் பசந்த், மல்கோவா, செந்தூரா, நீலம் என்று பெயர்கள் வரிசை கட்டும். நான் போனது கடன் கொடுத்த ஒரு நர்சரியைப் பார்வையிட. பார்வையிடுவது என்றால், நிழல்வலைக்குள் நின்று, இடமும் நேரமும் பதியும் செயலியில் என் முகமும் கன்றுகளும் தெரிகிற மாதிரி ஒரு படம். இருப்பில் எத்தனை கன்று என்று ஒரு எண். ஓனர் சொல்கிற எண்ணை எழுதிக்கொண்டு, இளநீர் குடித்துவிட்டுத் திரும்பலாம்.

வலைக்குக் கீழே ஆறு பெண்கள் சாக்கு விரித்து உட்கார்ந்து ஒட்டு கட்டிக்கொண்டிருந்தார்கள். யாரும் நிமிரவில்லை. பெரியவராகத் தெரிந்த அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். இடது கையில் நாட்டுக்கன்று, கூழ் ஃபேக்டரியிலிருந்து வாங்கி வந்த கொட்டையில் முளைத்தது, பென்சில் தடிமன். தலையை வெட்டினார், நடுவில் பிளேடை இறக்கிப் பிளந்தார். பக்கத்தில் ஈரச்சாக்குக்குள் அல்போன்சாக் குச்சிகள். பத்து நாளைக்கு முன்பே இலையைக் கிள்ளி, காம்பை மட்டும் விட்டுவைத்திருந்த குச்சிகள் அவை. விரல் பட்டதும் காம்பு உதிர்ந்தால், மேலே மொட்டு உப்பியிருந்தால், குச்சி தயார். அதன் அடியை இரண்டு பக்கமும் சீவி ஆப்பாக்கி, பிளவில் சொருகி, பாலித்தீன் நாடாவைக் கீழிருந்து மேலாகச் சுற்றி, குச்சி ஐஸ் உறை மாதிரி ஒரு குல்லாயை மாட்டிவிட்டார். மொத்தமே ஒரு நிமிடம் ஆகியிருக்காது. அடுத்த கன்று கைக்கு வந்துவிட்டது.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. படித்தவள் என்று காட்டிக்கொள்ள வேண்டும் என்ற அரிப்பு. “இளந்தண்டு ஒட்டுதானேக்கா? ஆப்பு நாலு சென்டிமீட்டராச்சும் இருக்கணும்ல?” என்றேன்.

அக்கா கையை நிறுத்தாமலே கேட்டார்: “படிச்சீங்களா மேடம், கட்டினீங்களா?”

“படிச்சேன். காலேஜ்ல கட்டியும் இருக்கேன்.”

“எத்தனை?”

“அஞ்சு.”

“எத்தனை பிடிச்சுது?”

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். எனக்குத் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால் எப்போதுமே தெரிந்திருக்கவில்லை. ஐந்து கன்று கட்டினேன், ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்தேன், கையெழுத்து வாங்கினேன். ஒட்டு துளிர்க்க இரண்டு மூன்று வாரம் ஆகும், அதற்குள் செமஸ்டர் விடுமுறை வந்துவிட்டது. திரும்பி வந்தபோது வேறு பாடம், வேறு ரெக்கார்டு. பி.கே.எம்.1 என்ற முருங்கை ரகம் பிறந்த வளாகம் என்று எங்களுக்கெல்லாம் ஒரு கர்வம் உண்டு. மாஞ்சோலை, விடுதியிலிருந்து நடக்கிற தூரம். ஒரு நாள் சாயங்காலம் போய்ப் பார்த்திருக்கலாம். ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

“ஒன்பது மார்க் போட்டாங்க,” என்றேன். ஆறு பேரும் சிரித்துவிட்டார்கள். கிண்டல் இல்லை, நிஜமாகவே சிரிப்பு வந்துவிட்டது அவர்களுக்கு. நானும் சிரித்தேன். படம் எடுத்தேன், எண் எழுதினேன், இளநீரும் குடித்தேன். வரும் வழியெல்லாம் அந்த ஐந்து கன்றும் மனதை விட்டுப் போகவில்லை. வருடக்கணக்காக, செடியிடமிருந்து என்னை யாரோ பிரித்துவிட்ட மாதிரியே நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா, அந்த 18 சதவீதம், மாதத் தவணை என்று காரணங்களுக்குக் குறைவில்லை. விடுதியிலிருந்து மாஞ்சோலைக்குப் போகாதபடி என்னை யார் பிடித்து வைத்திருந்தார்கள்?

இரண்டாம் சனி, நாலாம் சனி

2015 செப்டம்பரிலிருந்து வங்கிகளுக்கு மாதத்தில் இரண்டாம் சனியும் நாலாம் சனியும் விடுமுறை. அந்த மாதம் நாலாம் சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு நான் மறுபடி சந்தூரில் போய் நின்றேன். கடன் வாங்கியவர் இடத்தில் வேலை செய்வது முறையா என்று எனக்கே உறுத்தியதால் பக்கத்து நர்சரியாகப் பார்த்துக்கொண்டேன். அக்கா இங்கேயும் அங்கேயும் மாறி மாறிக் கட்டுகிறவர்தான். கூலி வேண்டாம், கற்றுக்கொடுத்தால் போதும் என்றேன். “கூலி கேட்டாலும் இப்ப குடுக்க முடியாது, நீங்க கெடுக்கப்போற குச்சிக்கு நாங்கதான் உங்ககிட்ட வாங்கணும்,” என்றார் ஓனர். நியாயம்தான்.

முதல் நாள் நாற்பது கட்டினேன். அக்காவும் மற்றவர்களும் நாளைக்கு முந்நூறுக்குக் குறையாமல் கட்டுவார்கள். பிளேடு ஒரே இழுப்பில் போக வேண்டும். இரண்டாவது இழுப்பு இழுத்தால் வெட்டு அலைஅலையாகிவிடும், நடுவில் காற்று நிற்கும், குச்சி கறுத்துவிடும். குச்சியும் கன்றும் ஒரே தடிமன் இல்லையென்றால் ஒரு பக்கத்துத் தோலாவது நேராக உட்கார வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும், தேர்வில் எழுதியிருக்கிறேன். ஆனால் விரலுக்குத் தெரியாது. நாடா சுற்றும்போது என் குச்சிகள் திரும்பிக்கொள்ளும். “அவுத்து இழு கண்ணு, சேலை கட்டுற மாதிரி சுத்தாதே,” என்றார் அக்கா. மேடம் எப்போது கண்ணு ஆனது என்று நான் கவனிக்கவில்லை.

மாம்பால் பட்டால் தோல் எரியும், காய்ந்தால் கறுப்பாகக் கறை பிடிக்கும். நாடா இழுத்து இழுத்துக் கட்டைவிரல் ஓரம் வேறு கிழிந்திருந்தது. திங்கட்கிழமை வங்கி மென்பொருளுக்குள் நுழைய விரலை வைத்தால் இயந்திரம் என்னை அடையாளம் தெரியாது என்றது. மூன்று தடவை. பின்னால் வரிசை நிற்கிறது, மேலாளர் எட்டிப் பார்க்கிறார். கடைசியில் பதிந்து வைத்திருந்த வேறொரு விரலில் உள்ளே போனேன். நகை மதிப்பீட்டாளர் என் கையைப் பார்த்துவிட்டு, தன் கையிலிருக்கும் அமிலக் கறையையும் காட்டி, “எலுமிச்சை தேய்ங்க, போகாது, ஆனா தேய்ங்க,” என்றார். எத்தனையோ மாதம் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கிறோம், வேலை தவிர நாங்கள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

நர்சரியை நான் சொர்க்கம் மாதிரி எழுதிவிடக் கூடாது. மண்தரையில் உட்கார்ந்தால் பத்து மணிக்கே இடுப்பு போய்விடும். பெண்களுக்கு அவசரம் என்றால் ஓனர் வீடுவரை நடக்க வேண்டும், நடந்த நேரத்துக்குக் கட்டு குறையும், கட்டு குறைந்தால் கூலி குறையும். இங்கேயும் இலக்கு உண்டு, யாரும் போர்டில் எழுதிப் போடுவதில்லை, அவ்வளவுதான். ஒருநாள் பேச்சுவாக்கில் அக்கா கேட்டார்: “உங்களுக்கு லீவு போட்டா சம்பளம் புடிப்பாங்களா?” லீவு கணக்கில் இருந்தால் பிடிக்க மாட்டார்கள், உடம்பு முடியாவிட்டால் அதற்குத் தனியாக இருக்கிறது, பிரசவத்துக்கு ஆறு மாதம் கொடுத்தார்கள் என்றேன். அந்த வலைக்குக் கீழே, கைகள் ஆறு ஜோடியும் ஒரே நேரத்தில் நின்றதை நான் முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான்.

அக்காவின் மகள் பி.காம். முடித்துவிட்டு வங்கி கிளார்க் தேர்வுக்குப் படிக்கிறாள். மாம்பால் அவளுக்கு ஆகாது, முகமெல்லாம் தடித்துவிடும். என்னைப் பார்த்ததும் அவள் கேட்டதெல்லாம் கட்-ஆஃப், கணக்குப் பகுதிக்கு எவ்வளவு நேரம், எந்தக் கேள்வியை விட்டுவிட வேண்டும். இப்போது சனிக்கிழமைகளில் அவள் வினாத்தாளோடு எங்கள் சாக்கின் ஓரத்தில் வந்து உட்காருவாள், முகத்தைத் துப்பட்டாவில் மூடிக்கொண்டு. நான் கட்டிக்கொண்டே சொல்லிக்கொடுப்பேன். அக்கா என் கையைப் பார்ப்பார், நான் அவள் நோட்டைப் பார்ப்பேன். நான் எழுந்து ஓடிவிட நினைக்கும் நாற்காலிக்கு இவளைத் தயார் செய்கிறேன். சொன்னால் சினிமா மாதிரி இருக்கும் என்று வீட்டில்கூட இதை நான் பெரிதாகச் சொல்லவில்லை. அவளுக்கு என் ‘மளிகை லிஸ்ட்’டைக் காட்டுவதற்கும் எனக்குத் தைரியம் கிடையாது.

கடிதம் இன்னும் கைப்பேசியில் இருக்கிறது. இப்போதெல்லாம் திறப்பது குறைந்திருக்கிறது என்று சொன்னால் வங்கி எனக்குப் பிடித்துப்போய்விட்டது என்று அர்த்தமில்லை. போன வாரமும் லாகின் டே இருந்தது, போன வாரமும் வீட்டுக்கு வந்து அழுதேன். ஆனால் அங்கே கட்டிவைத்திருக்கும் கன்றுகள் என்ன ஆயின என்ற நினைப்பு வேறு எந்த நினைப்பையும் விடப் பெரிதாக இருக்கிறது. புதன், வியாழன் வந்தால் அக்காவுக்கு ஃபோன் போட்டு, “என் வரிசை எப்படிக்கா இருக்கு?” என்று கேட்டுவிடுவேன். விற்பனைக் கன்றுகளோடு கலந்துவிடாமல் என்னுடையதற்கெல்லாம் சிவப்பு நூல் கட்டி ஓரமாக வைத்திருக்கிறார்கள்.

முதல் நாற்பதில் ஆறு பிடித்தது. மற்றதெல்லாம் குல்லாய்க்குள்ளேயே கறுத்துவிட்டது. ஆறும் துளிர்த்திருந்தன, இலை இன்னும் விரியாமல், செம்பு நிறத்தில், தொட்டால் வெல்வெட்டு மாதிரி. அடுத்த முறை கட்டிய ஐம்பதில் எத்தனை என்று போன சனிக்கிழமை எண்ணினோம். நானும் அக்கா மகளும் ஆளுக்கொரு ஓரத்திலிருந்து எண்ணிக்கொண்டு வந்து நடுவில் சந்தித்தோம். இருபத்தொன்று.

“எவ்வளவு பர்சன்ட்?” என்றேன்.

“நாப்பத்திரண்டு,” என்றாள், பேனாவைத் தொடாமலே.

அக்கா காதில் விழுந்துவிட்டது. “நாப்பத்திரண்டா? எழுபதுக்குக் கீழ போனா ஓனரு எங்க கூலியில கை வைப்பாரு,” என்று சொல்லிக்கொண்டே ஈரச்சாக்கைப் பிரித்து, ஒரு கட்டுக் குச்சியை என் மடியில் போட்டார். செந்தூரா. காம்பில் விரலை வைத்தேன், உதிர்ந்தது. பிளேடைத் துடைத்துக்கொண்டு முதல் கன்றை எடுத்தேன்.